குறிகாட்டியும் காரணியும்: இதயத் தமனிச் சிகிச்சையில் அழற்சி, ஊட்ட அளவீடுகள்

முன்னுரை

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர் இதயத் தமனி அடைப்பு ஒன்றை முதன்முதலாகப் பலூன் கொண்டு விரித்தார். பின்னாளில் தமனியைத் திறந்த நிலையில் தாங்கும் ஸ்டென்ட் வழக்கிற்கு வந்தது. எனினும் அடைப்பு நீங்கிய அனைவரும் ஒரே வகையில் நலம் பெறுவதில்லை. மீண்டும் மாரடைப்பு நேரும் வாய்ப்பையும் இறப்பின் வாய்ப்பையும் முன்கூட்டியே கணிக்கக் குருதி அளவீடுகள் சில பயன்படுகின்றன. அவை வரவிருக்கும் இடரைச் சுட்டும் குறிகாட்டிகளா, அவ்விடரை விளைவிக்கும் காரணிகளா என்பதைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழற்சி அளவீடுகள்

அழற்சி என்பது நெருப்பைக் குறிக்கும் ‘அழல்’ என்பதன் அடியாகப் பிறந்த சொல். தமனிச் சுவரில் கொழுப்பு படியுமிடத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் திரளுகின்றன. அதனால் படிவின் மேலுறை நலிந்து கிழிய, அங்கே குருதி உறைகிறது. அழற்சி மிகும்போது கல்லீரல் சி-வினைப் புரதத்தை மிகுதியாக உருவாக்குகிறது. 1930இல் கண்டறியப்பட்ட இப்புரதத்தின் அளவு உயர்ந்திருப்போர்க்குச் சிகிச்சைக்குப் பின்னரும் இடர் மிகுதி.

ஆயினும் இப்புரதமே இதயநோயை விளைவிப்பதில்லை என மரபியல் ஆய்வுகள் காட்டுகின்றன. மறுபுறம், மாரடைப்புக்கு உள்ளான 10,061 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2017இல் வெளிவந்த ‘காண்டோஸ்’ ஆய்வில், கெட்ட கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த மருந்து, 150 மில்லிகிராம் அளவில் இதய நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது. எனவே அழற்சி காரணி. சி-வினைப் புரதம் அதன் குறிகாட்டி.

ஊட்ட அளவீடுகள்

குருதியிலுள்ள ஆல்புமின் புரதம் ஊட்டநிலையின் அளவாக நெடுங்காலம் கருதப்பட்டது. அழற்சியின்போது கல்லீரல் ஆல்புமின் ஆக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஆல்புமின் குறைந்த ஒருவர் போதிய உணவு கொள்ளாதவர் என்று மட்டும் முடிவு செய்தல் பொருந்தாது.

ஆல்புமின், லிம்போசைட் எண்ணிக்கை, மொத்தக் கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றையும் கொண்டு ‘கோநட்’ மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. இதன் எல்லை 0 முதல் 12 வரை. 2 முதல் 4 வரை பெறுவோர் இலேசான ஊட்டக் குறைவுடையோர் எனப்படுவர். கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டருக்கு 100 முதல் 139 மில்லிகிராம் வரை இருப்பின் 2 மதிப்பெண் சேரும். இதய நோயாளிக்கோ கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்கென்றே ஸ்டாட்டின் மாத்திரை தரப்படுகிறது. அது 120 ஆகக் குறைந்தால், ஏனைய இரண்டும் இயல்பாக இருப்பினும், அவர் ஊட்டக் குறைவுடையவராகக் கணக்கிடப்படுவார். மருந்தின் வெற்றியே நோயின் அடையாளமாகப் பதிவாகும் முரண் இது.

முடிவுரை

குறிகாட்டி இடரைச் சுட்டும். காரணி இடரை விளைவிக்கும். குறிகாட்டியின் எண்ணை மட்டும் மாற்றுவதால் நோய் தணியாது. எனினும் கூடுதல் கண்காணிப்பு யாருக்குத் தேவை என்பதை அது உணர்த்தும். மருத்துவத் தமிழில் இவ்விரு சொற்களையும் ஒருபொருட் சொற்களாக ஆண்டால், குறைந்த ஆல்புமினுக்கு உணவை மட்டும் மிகுத்து, அடியிலுள்ள அழற்சியைக் கவனியாது விடும் பிழை நேரக்கூடும். கலைச்சொல்லின் வரையறை இங்கு நோயாளியின் நலனோடு நேரடியாகத் தொடர்புடையதாகிறது.