வழியில்லாத உச்சிக்கு வழி

அமெரிக்க மாநிலங்களுக்குள் கவுண்டி என்று நிர்வாகப் பகுதிகள் உண்டு, நம் மாவட்டங்களைப் போல. நாடு முழுக்க 3,100-க்கும் மேல். ஒவ்வொரு கவுண்டியிலும் எது மிக உயரமான இடம் என்று பார்த்து, அங்கே போய் நிற்பதையே நெடுநாள் வேலையாக வைத்திருப்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன்.

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். நான் குடியிருக்கும் சான்டா கிளாராவின் உச்சி, லிக் வானாய்வகத்துக்குப் பக்கத்தில் உள்ள கோப்பர்நிகஸ் சிகரம். அதன் அருகே வரை தார்ச்சாலை. சான் பிரான்சிஸ்கோவுக்கு டேவிட்சன் மலை, 928 அடி, ஊருக்குள்ளேயே ஒரு பூங்கா. டுலாரி, இன்யோ இரண்டுக்கும் பொதுவானது 14,505 அடி விட்னி சிகரம். அதன் உச்சிவரை பாதை போட்டிருக்கிறார்கள். என் மனத்துக்கு நெருக்கமானவை வேறு ரகம். பாதை பாதியிலேயே நின்றுவிடும். மிச்ச மலையை நாமே பார்த்து ஏற வேண்டும்.

ஆல்பைன் கவுண்டியின் சொனோரா சிகரம் அப்படிப்பட்டது. 2020 கணக்கெடுப்பின்படி அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 1,204, மாநிலத்திலேயே குறைவு. சிகரத்தின் உயரம் 11,459 அடி. 108-ஆம் எண் நெடுஞ்சாலை 9,624 அடி உயரத்தில் சொனோரா கணவாயைக் கடக்கிறது. பனிக்காலத்தில் இந்தச் சாலையை மூடிவிடுவார்கள். கோடையில் கணவாய்க்குச் சற்று மேற்கே வண்டியை நிறுத்தினால், செயின்ட் மேரீஸ் கணவாய் வரை செங்குத்தான ஒரு பாதை உண்டு. அதன்பின் கிழக்கே திரும்பி எரிமலைப் பாறைச் சரிவில் ஏற வேண்டியதுதான். முன்னால் போனவர்களின் தடம் ஆங்காங்கே தெரியும், பிறகு காணாமல் போகும்.

அங்கே கை கொடுப்பது வரைபடம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வரைபடத்தில் ஓர் அங்குலம் 2,000 அடி. ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் சமஉயரக் கோடுகள் ஓடும். மலைப்பகுதிகளில் இரண்டு கோடுகளுக்கு இடையே பெரும்பாலும் 40 அடி ஏற்றம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். கோடு உச்சியை நோக்கி மடங்கினால் ஓடை, கீழ்நோக்கி மடங்கினால் முகடு. நான் முகட்டைத்தான் பிடித்துக்கொள்வேன். ஓடைப் பள்ளத்தில் சுற்றிலும் ஒன்றும் தெரியாது. முகட்டில் நாலு பக்கமும் தெரியும்.

ஏறும்போது எல்லா முகடுகளும் ஒரே உச்சியில் கூடுகின்றன. அதனால் வழி சற்றுப் பிசகினாலும் சிகரம் தப்பாது. இறங்கும்போதோ அதே முகடுகள் பிரிந்து பிரிந்து போகும். சொனோராவின் மேற்குச் சரிவில் விழும் நீர் ஸ்டானிஸ்லாஸ் ஆற்றில் சேர்ந்து பசிபிக் கடல் பக்கம் போகிறது. வடக்கில் விழும் நீர் கார்சன் ஆற்றோடு நெவாடா பாலைவனத்துக்குப் போய், கடலைப் பார்க்காமலே முடிகிறது. உச்சியில் பத்தடி தள்ளித் திரும்பினால் நாமும் வேறு ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருப்போம். அதனால் ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பார்ப்பேன். திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான். இன்ன பாறை, இன்ன வளைவு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் மனதில் நிற்கும்.

சரளைச் சரிவில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. காலில் பட்ட கல் உருண்டால் உடனே உரக்கக் கத்த வேண்டும். இந்தச் சியெரா மலைகளில் கோடைப் பிற்பகல்களில் இடி இறங்கும். மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுவது நல்லது.

பாதை இல்லாத மண்ணில் நம் கால்தான் பாதையை உண்டாக்குகிறது. எனவே பாறை, சரளை, பனி என்று தாங்கக்கூடிய தரையிலேயே மிதிக்க வேண்டும். கூட்டமாகப் போனால் வரிசையாக நடக்காமல் பரவி நடக்க வேண்டும். அந்த உயரத்தில் செடிகளுக்கு வளரக் கிடைப்பது ஒரு குறுகிய கோடைதான். மெத்தைபோல் தரையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு செடியை மிதித்துவிட்டால் அது மீண்டு வர ஆண்டுக்கணக்காகும். காற்றில் புதராகக் குறுகி நிற்கும் வெண்பட்டைப் பைன் மரத்தை, அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக 2022-ல் அமெரிக்க அரசு பட்டியலில் சேர்த்தது. வழி அடையாளத்துக்குக் கல்லடுக்குவதும் வேண்டாம். அடுத்து வருபவரும் தானே பார்த்து ஏறட்டும்.

தடம் இல்லாத இடத்தில் நடக்க விரும்புகிறவர்கள், கைபேசிச் செயலியை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குன்றின் காகித வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய், கோட்டையும் நிலத்தையும் ஒப்பிட்டுப் பழகுங்கள். துணையோடு போங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கால் வையுங்கள்.