கூடிக் கேட்போம்

வீட்டில் ஐவர், ஐவரும் பாட்டுக் கேட்கிறார்கள், ஆயினும் வீடு ஊமையாய் இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்திலும் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் எழும்பி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை ஏழு மணிக்குப் பரவலாகக் காணக்கூடிய காட்சி இது. அலுவலகத்திலிருந்து திரும்பிய தந்தையின் காதில் ஒரு பாட்டு. படிக்கும் மகளின் காதில் இன்னொன்று. அடுப்படியில் நிற்கும் தாயின் கைப்பேசியில் மற்றொன்று. பாட்டிக்கோ காதில் மாட்டும் கருவி பழக்கமில்லை. ஆகவே அவருக்கு ஒன்றுமில்லை.

அதே கூடத்தின் மூலையில் துணி போர்த்திய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு உறங்குகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய இசைக் கருவி அது. நாடா போடும் பகுதி பழுதாகியிருக்கலாம். பெட்டிகளுக்கோ பெரும்பாலும் ஒரு குறையுமில்லை. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன், வாசகர்களே, சற்றே பொறுங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு அடாப்டர் அதற்கு மறுவாழ்வு தரக்கூடும்.

கூட்டத்தில் பிறந்த பழக்கம்

இயந்திரத்தின் வழியே இசை கேட்பது நம் நகரில் தனிமையில் பிறந்த பழக்கமன்று. 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவர்தம் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமுடையால் 1927-இல் அம்முயற்சி நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அதனை மீண்டும் தொடங்கியபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்க இயலாதோரும் மணலில் அமர்ந்து இசை கேட்டனர். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றிற்று. அதன் பின்னரும் சிற்றூர்களில் ஊராட்சி மன்ற வானொலிதான் ஊருக்கெல்லாம் காதாக விளங்கியது.

இசையைச் சட்டைப்பைக்குள் அடக்கியது ஜப்பானிய சோனி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட வாக்மேன். அதைக் குறித்து ஒரு செய்தி உண்டு. தான் மட்டும் தனியே இசை கேட்பது உடனிருப்பவரிடம் காட்டும் மரியாதைக் குறைவென்று அந்நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா கருதினார். அதனால் முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் அமைந்தன. பாட்டைத் தணித்து இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. ஆனால் வாங்கியோர் தனித்தே கேட்டனர். பின்னாளில் வந்த கருவிகளில் அந்த இரண்டாவது துளை மறைந்தே போயிற்று. 2001-இல் ஐபாட் வந்தது. அதன்பின் கைப்பேசியே எல்லாமாயிற்று. இழந்த அந்த இரண்டாவது துளையைத்தான் இன்று இந்தச் சிறு அடாப்டர் நமக்குத் திருப்பித் தருகிறது.

அஃது எவ்வாறு இயங்குகிறது?

இக்கருவி பயன்படுத்தும் முறைக்குப் புளூடூத் என்று பெயர். சுவீடனில் எரிக்சன் நிறுவனப் பொறியாளர்கள் 1994-இல் இதன் ஆய்வைத் தொடங்கினர். டென்மார்க் மக்களை ஒன்றிணைத்த பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரே இதற்கு இடப்பட்டது. 'நீலப்பல்' என்பது அதன் பொருள். சிதறிய மக்களை அம்மன்னர் இணைத்தார். சிதறிய கருவிகளை இம்முறை இணைக்கிறது.

முன்னாளில் வீட்டில் வானொலி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தியதை மூத்தோர் மறந்திரார். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என 2005-இல் இந்திய அரசு அறிவித்தது. உரிமமில்லாத பொதுப்பாதையில் நெரிசல் மிகுதி. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே உலவுகின்றன. ஆகவே புளூடூத் அப்பாதையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை வரை தடம் மாறித் தாவுகிறது. எந்தத் தடத்துக்கு எப்போது தாவுவதென்பதை இணைந்த இரு கருவிகளும் முன்கூட்டியே அறியும். ஒரு தடத்தில் இடையூறு நேர்ந்தாலும் அடுத்த தடத்தில் இசை தொடரும்.

வாங்குமுன் அறிய வேண்டியவை

அடாப்டரில் இருவகை உண்டு. ஒன்று ஏற்கும் கருவி. கைப்பேசியோ, புளூடூத் உள்ள இசைக் கருவியோ அனுப்பும் பாட்டை வாங்கி, பழைய ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும். மற்றொன்று அனுப்பும் கருவி. புளூடூத் இல்லாத பழைய வாக்மேனிலோ ஐபாடிலோ காதணித் துளையில் இதைச் செருகினால், பாட்டைக் காற்றில் அனுப்பும். இரண்டையும் செய்யும் கருவிகளும் உள. அவற்றில் டிஎக்ஸ் என்ற குறி அனுப்புவதையும் ஆர்எக்ஸ் என்ற குறி ஏற்பதையும் சுட்டும். தாம்பரம் கடைகளிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கேட்கும்போது, நம் தேவை எதுவெனத் தெளிவாகச் சொல்லுதல் நலம்.

பொருத்துவது எளிது. ஒலிபெருக்கியின் பின்புறத்தில் 'ஆக்ஸ்' அல்லது 'டேப் இன்' எனக் குறித்த துளைகளில் அடாப்டரின் கம்பியைச் செருகுக. இசைத்தட்டுக்கென 'ஃபோனோ' எனக் குறித்த துளை இதற்கு ஆகாது, ஒலி சிதையும். பின்னர் அடாப்டரின் பொத்தானை விளக்கு மினுக்கும்வரை அழுத்தி, கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் அதன் பெயரைத் தொட்டால் இணைப்பு முடிந்தது. திரையில்லாத அனுப்பும் கருவியாயின், இரண்டையும் அருகருகே வைத்து, மற்றைய புளூடூத் கருவிகளை அணைத்துவிட்டு இணைக்க வேண்டும். இல்லையேல் வேறொன்றோடு இணைந்துவிடக்கூடும்.

இணைந்தபின், கைப்பேசியின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தை ஒலிபெருக்கியிலேயே செய்தால் இசை தெளிவாயிருக்கும். சுமார் பத்து மீட்டர் வரை இது எட்டும். கான்கிரீட் சுவர்கள் குறுக்கிட்டால் அத்தொலைவு குறையும். இரைச்சல் கேட்டால் அடாப்டருக்கு வேறு சார்ஜரைப் பயன்படுத்திப் பார்க்கலாம். பாட்டைச் சுருக்கி அனுப்பி, மீண்டும் விரிப்பதால் கணநேரத் தாமதம் உண்டு. இசைக்கு அது தெரியாது. தொலைக்காட்சியில் வாயசைவும் பேச்சும் பொருந்தாமற் போகலாம்.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். வால்வு பொருத்திய பழைய வானொலிப் பெட்டிகள் சிலவற்றில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். அவற்றில் எதையும் நீங்களே இணைக்க முயலாதீர்கள். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பின்னரே தொடுங்கள்.

செவியும் அயலாரும்

வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 80 டெசிபெலைத் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 90 டெசிபெலாயின் வாரத்திற்கு நான்கு மணி நேரமே பாதுகாப்பானது. காதுக்குள் செருகிய கருவியில் பிள்ளை எவ்வளவு ஒலியில் கேட்கிறதென்று பெற்றோர் அறிய வழியில்லை. கூடத்து ஒலிபெருக்கியிலோ அஃது எல்லார்க்கும் வெளிப்படை. "கொஞ்சம் குறைத்து வை" என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம் உண்டென்பதையும் மறவாதிருப்போம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெலும் வரம்பாக வகுத்துள்ளன. அடுத்த வீட்டுக் குழந்தையின் உறக்கத்தைக் கெடுக்கும் இசை, எத்துணை இனியதாயினும், இசையாகாது.

நாடாவில் உறங்கும் குரல்கள்

பல இல்லங்களில் அலமாரி அடியில் பழைய ஒலிநாடாக்கள் கிடக்கின்றன. எல்லாம் கடையில் வாங்கிய பாட்டல்ல. மறைந்த தாத்தாவின் பேச்சு, திருமண நாளில் அத்தை பாடிய பாட்டு, மழலை பேசிய பிள்ளையின் குரல் ஆகியன அவற்றில் உறங்குகின்றன. இன்னும் ஓடக்கூடிய ஒரு பழைய வாக்மேனும், அதன் துளையில் செருகிய அனுப்பும் கருவியும், எதிர்ப்புறத்தில் ஒரு புளூடூத் ஒலிபெருக்கியும் இருந்தால் அக்குரல்கள் மீண்டும் கூடத்தில் ஒலிக்கும். காதோடு காதாக ஒருவர் மட்டும் கேட்க வேண்டிய குரல்களா அவை?

செவி மங்கிய முதியோருக்கும் இத்துறை நம்பிக்கை தருகிறது. ஓரிடத்திலிருந்து அனுப்பும் ஒலியை, அதற்கேற்ற காதொலிக் கருவி அணிந்த பலரும் ஒரே நேரத்தில் கேட்கும் ஆராகாஸ்ட் என்னும் முறை 2022-இல் அறிவிக்கப்பட்டது. கோவிலிலும் பள்ளி அரங்கிலும் பின்வரிசை முதியவர் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்கும் வாய்ப்பு இதனால் விரியும்.

எனவே இவ்வாரம் ஒரு மாலையில் அந்தத் துணியை விலக்குங்கள், தூசியைத் துடையுங்கள், அடாப்டரைச் செருகுங்கள். அரைமணி நேரமேனும் காதுக் கருவிகளை எல்லாரும் கழற்றி வையுங்கள். முதற்பாட்டைத் தெரிவு செய்யும் உரிமையைப் பாட்டிக்குக் கொடுங்கள். அடுத்ததைப் பேத்தி தெரிவு செய்யட்டும். பாட்டி கேட்ட பாட்டு பேத்திக்குச் சிரிப்பை மூட்டலாம். பேத்தியின் பாட்டு பாட்டிக்கு இரைச்சலாய்த் தோன்றலாம். அதனால் என்ன? அதைப் பற்றியாவது இருவரும் பேசிக்கொள்வார்கள் அல்லவா!