கொழுப்பு அளவு சரியாக இருந்தால் போதுமா?

"கொலஸ்ட்ரால் சரியாகத்தான் இருக்கிறது, எனக்குச் சர்க்கரை வராது" என்போர் பலர். இரத்தக் கொழுப்பு இயல்பாக இருத்தல் நன்றே. ஆயினும் அது நீரிழிவு வராது என்பதற்கு உறுதிச்சீட்டு அன்று.

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' கொழுப்பைக் கணக்கில் கொள்வதே இல்லை. வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்பன மட்டுமே அதன் கேள்விகள். மொத்தம் 100; 60ஐ எட்டினால் அபாயம் மிகுதி.

புதுக்கோட்டைக் கடைவீதியில் நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்திருக்கும் 52 வயது ஆண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயதுக்கு 30, உழைப்பின்மைக்கு 30, 94 செ.மீ. சுற்றளவுக்கு 10, தாய்க்கு நீரிழிவு இருப்பதால் 10, ஆக 80. அதே வயதில் ஆலங்குடி வயலில் கடினமாக உழைப்பவருக்குச் சுற்றளவு 84 செ.மீ., பெற்றோருக்கு நோயில்லை எனில் 30தான். அதுவும் நடுத்தர அபாயமே. இருவரின் கொழுப்பு அறிக்கையும் ஒன்றுபோல் இருக்கக்கூடும்!

மதிப்பெண் மிகுந்தால் நோய் வந்துவிட்டது என்று பொருளன்று. இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை தேவை என்றே பொருள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

நீரிழிவு நோயாளியின் துணைக்கு வந்துள்ள மகனோ மகளோ 10 மதிப்பெண்ணுடன்தான் தொடங்குகிறார். அவர்களும் அளந்து பார்க்கலாம். நாடாவை வேட்டி கட்டும் இடத்தில் அன்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுக.