டீக்கடைப் பெட்டியும் இறால் குட்டையும்

காரைக்கால் பக்கத்துப் பூவத்தில் நண்டலாற்றுப் பாலத்துக்கு இந்தப் புறம் ரோட்டோரமாக ஒரு டீக்கடை. பாலம் தாண்டினால் தமிழ்நாடு, பொறையாறு. காலை ஆறரைக்குப் போனால் மீன் வண்டிக்காரர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ராக்காவல் முடிந்து வரும் இறால் பண்ணை ஆட்கள் என்று பெஞ்சில் இடம் இருக்காது. கடைக்கார அண்ணனின் இரண்டு கையும் டீ ஆற்றுவதிலேயே இருக்கும். பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, பதினைந்து ரூபாய் வந்ததென்று தமிழில் சொல்லும். அண்ணன் திரும்பிப் பார்க்க மாட்டார். அடுத்த கிளாஸை எடுப்பார்.

"தம்பி, இதுக்கு மாசாமாசம் வாடகை புடிக்கிறாங்க. உள்ள என்னாதான் இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு பட்டன் போன். திரை கிடையாது, ஒரு சிம், ஒரு பேட்டரி, கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர். டீ குடித்தவர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் பணம் வங்கியிலிருந்து வங்கிக்குப் போய்விடுகிறது. அந்த வேலையில் இந்தப் பெட்டிக்குப் பங்கே இல்லை. பணம் சேர்ந்த பிறகு, கம்பெனியின் கணினி துண்டுச்சீட்டு மாதிரி ஒரு செய்தி அனுப்புகிறது: இந்தக் கடை, இவ்வளவு தொகை. அதைப் பெட்டி வாய்விட்டுச் சொல்கிறது. அவ்வளவுதான்.

"போன்லயும்தான் மெசேஜ் வருதே?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

பதிலை அண்ணனே சொன்னார். "வருது. கையில டிகாஷன வச்சிக்கிட்டு எவன் எடுத்துப் பாக்குறது? பெட்டி வர்றதுக்கு முன்னாடி, பழைய ஸ்கிரீன்ஷாட்ட காட்டிட்டு ரெண்டு பேரு போயிட்டான்."

யுபிஐ வந்தது 2016இல். பேடிஎம் இந்தப் பேசும் பெட்டியைக் கொண்டுவந்தது 2019இல். இடைப்பட்ட மூன்று வருடம், பணம் கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. வந்ததா என்று பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. டீக்கடையில் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கம்பியில்லாமல் பேசும் கருவிகளைச் சின்னக் கடைகள்கூட ஏன் வாங்குகின்றன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதலாளி இருக்க முடியாத இடத்தில், பார்க்க முடியாத நேரத்தில், அது நின்று பார்த்துச் சொல்கிறது. ஸ்மார்ட் என்ற பெயரெல்லாம் விற்பவர்கள் வைத்தது.

இன்னொரு காரணம் விலை. கோடிக்கணக்கில் செல்போன் செய்ததில் அதற்கான சில்லுகள் மலிந்துபோயின. செய்தி அனுப்பும் செலவும் குறைந்தது. இதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இப்படிப்பட்ட கருவிகள் பலவும் பேசிக்கொள்ளும் முறைக்கு எம்க்யூடிடி என்று பெயர். 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவாக்கியது அது. எண்ணெய்க் குழாய் என்றால் எண்ணெய் எடுக்கும் நரிமணத்தைப் பார்த்த நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம். ஆளில்லாத நிலத்தில் மைல் கணக்கில் ஓடும் குழாய்; செய்தி போவதோ செயற்கைக்கோள் வழியாக; ஒவ்வொரு எழுத்துக்கும் காசு. அதனால் ரொம்பச் சிக்கனமாகப் பேசும்படி அதை அமைத்தார்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் சமாளிக்கும். அந்தச் சிக்கனம்தான் இன்று டீக்கடை வரைக்கும் கட்டுப்படியாகிறது. இந்தியாவில் இயந்திரங்கள் தமக்குள் பேசப் பயன்படும் சிம்களுக்கு 2018 ஜூலையிலிருந்து 13 இலக்கத்தில் தனி எண் வரிசையே ஒதுக்கினார்கள்.

வயல்காட்டில் மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவருக்கு இது புதிதல்ல. வீட்டுத் திண்ணையிலிருந்து போன் போட்டால் மோட்டார் ஓடும். நடுராத்திரி மும்முனை மின்சாரம் வந்தால் வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டாம்.

ஆனால் இந்தக் கடற்கரையில் இதன் அருமை முழுதாகத் தெரிவது இறால் குட்டையில்தான். வனாமி என்ற வகை இறாலை வளர்க்க 2009இல் அனுமதி கிடைத்தபின் குட்டைகள் பெருகின. குட்டைத் தண்ணீரில் உள்ள பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். இருட்டியதும் அதே பாசி ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கும். இறாலும் எடுக்கும், அடிச்சேறும் எடுக்கும். விடியற்காலம் நாலு, ஐந்து மணிக்குத்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வரும். லிட்டருக்கு நாலு மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இறால் தெம்பாக இருக்கும். மூன்றுக்குக் கீழே போனால் திணறும். மனிதன் அசந்து தூங்கும் நேரமும் அதுதான். அப்போது மின்சாரம் போய், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால், மூன்று மாத உழைப்பும் வாங்கிய கடனும் ஒரே ராத்திரியில் மிதக்கும்.

அதனால் தண்ணீரில் ஒரு உணரியைத் தொங்கவிடுகிறார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை அது அளவு அனுப்பும். குறைந்தால் ஏரேட்டரை ஓடவிடும். கரண்ட் போனால் முதலாளியின் போனை அலறவைக்கும், ஜெனரேட்டரைப் போட. விஜயவாடாவின் எருவாக்கா போன்ற நிறுவனங்கள் இன்னும் ஒருபடி போய், இறால் தீனி கடிக்கும் சத்தத்தைத் தண்ணீருக்கடியில் மைக் வைத்துக் கேட்கின்றன. சத்தம் இருந்தால் தீனி விழும், அடங்கினால் நிற்கும். பண்ணைச் செலவில் பாதியளவு தீனிக்கே போகிறது என்பதால், அந்தக் காதுக்கு நல்ல கிராக்கி.

அன்று பெஞ்சில் இருந்த பண்ணைப் பையன் ஒன்று சொன்னான்: "வாரத்துக்கு ஒருவாட்டி பழைய டூத் பிரஷ்ஷால சென்சார தேய்க்கணும்ணே. பாசி புடிச்சா பொய் சொல்லும்." கருவி வாங்குகிற எல்லோரும் அவனிடம் ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேட்க வேண்டிய பாடம். கருவி வந்ததும் முதலில் காவல்காரனை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். பிரஷ் பிடிக்க ஆள் இல்லாமல்போகிறது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. கருவி, அதை வாங்கியவர் கேட்டதை மட்டுமே அளக்கும். இதே நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகளால் கிணறும் வயலும் உப்பாகின்றன என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று சட்டமும் ஆணையமும் வந்தன. குட்டைக்குள் ஆக்சிஜன் எவ்வளவு என்று நிமிடக் கணக்கில் தெரிந்த இந்தக் காலத்திலும், கரைக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றில் உப்பு எவ்வளவு ஏறியது என்பதை வாயில் ஊற்றிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் உப்பை அளக்கும் உணரி, ஆக்சிஜன் உணரியைவிட மலிவு.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்சநேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க பெட்டியில இன்னும் ரெண்டு வயர் சொருவ ஓட்ட சும்மாதாண்ணே கெடக்கு" என்றான்.

"கெணறு யாரோடது?" என்றார் கடைக்கார அண்ணன், ஆற்றுவதை நிறுத்திவிட்டு.