கோட்டுக்கு வெளியே – 11: கிராமரின் வகுப்பறை

1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம். டோக்கியோவை அடுத்த சிபாவில், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திடலில் ஒரு வகுப்பு தொடங்கியது. ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து வந்த கால்பந்துப் பயிற்சியாளர்கள்தான் மாணவர்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா நடத்திய முதல் பயிற்சியாளர் பள்ளி அது. மூன்று மாதம் நடந்தது. வாத்தியார் ஒரு குள்ளமான ஜெர்மானியர், பெயர் டெட்மார் கிராமர். மாணவர்களில் ஒருவர் நம் பி.கே. பானர்ஜி.

பி.கே. அப்போது 33 வயதுக்காரர். காயங்களால் ஆட்டத்தை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் கேப்டன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக முதல் கோல் போட்டுத் தங்கத்துக்கு வழி திறந்தவர். அப்பேர்ப்பட்டவர் நோட்டுப் புத்தகத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, பந்தைக் காலின் உட்புறத்தால் எப்படித் தட்ட வேண்டும் என்பதை மறுபடி முதலிலிருந்து படித்தார். முதல் தரத்தில் தேறியும் வந்தார். இந்தியக் கால்பந்தின் வரலாற்றில் இந்த மூன்று மாதத்துக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

சென்ற வாரம் ரூடி குட்டன்டார்ஃபைப் பற்றி எழுதியிருந்தேன். சிலே, பொலிவியா, ஆஸ்திரேலியா, நேபாளம், ருவாண்டா, சமோவா என்று 32 நாடுகளில் 55 அணிகளுக்குப் பயிற்சி தந்து கின்னஸில் இடம்பிடித்தவர். பெட்டியை அவிழ்ப்பதற்குள் அடுத்த விமானம் என்று வாழ்ந்த மனிதர். கிராமரும் ஊர் சுற்றியவர்தான். 1967 முதல் 1974 வரை ஃபிஃபாவின் பயிற்சியாளராக அவர் கால் வைக்காத கண்டம் இல்லை. ஆனால் இருவரும் சுற்றிய விதம் வேறு. குட்டன்டார்ஃப் அணிகளைத் தேடிப் போனார். கிராமர் பயிற்சியாளர்களைத் தேடிப் போனார். எனக்குக் கிராமர்தான் பெரியவராகப் படுகிறார். ஏன் என்று சொல்ல ஜப்பானுக்குப் போக வேண்டும்.

1964 ஒலிம்பிக் டோக்கியோவில் நடக்கும் என்று முடிவானதும் ஜப்பான் கால்பந்துச் சங்கத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சொந்த மண்ணில் ஆடி மானம் போகக் கூடாது. சங்கத் தலைவர் நோசு யுசுரு மேற்கு ஜெர்மனியிடம் உதவி கேட்டார். டூயிஸ்பர்க் நகரின் விளையாட்டுப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்த 35 வயதுக் கிராமரை அனுப்பிவைத்தார்கள். 1960-இல் வந்து சேர்ந்தார்.

வந்தவருக்கு நல்ல ஹோட்டலில் அறை போட்டிருந்தார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டு, ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த ஜப்பானிய விடுதிக்குப் போய்ப் பாயில் படுத்தார். அவர்கள் சாப்பிட்டதைக் குச்சியால் எடுத்துச் சாப்பிட்டார். மைதானத்தில் முதல் நாளே தேசிய அணிக்கு அவர் கொடுத்த பயிற்சி, காலின் உட்புறத்தால் பாஸ் கொடுப்பது, வரும் பந்தை நிறுத்துவது, தலையால் முட்டுவது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை எங்களுக்குச் சொல்கிறாரே என்று ஆட்டக்காரர்களுக்கு முகம் சுண்டியது. கிராமர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தானே செய்து காட்டினார். திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். பயிற்சியாளர் என்பவர் விசிலும் அதட்டலும்தான் என்று இருந்த இடத்தில், வாத்தியாரே பந்தைத் தொட்டுக் காட்டுவது புதிதாக இருந்தது.

1964 அக்டோபரில் ஒலிம்பிக் வந்தது. ஜப்பான் அர்ஜென்டினாவை 3–2 என்று வென்றது. காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0–4 என்று தோற்றது. அதோடு கிராமரின் ஒப்பந்தம் முடிந்தது. நம் ஊராக இருந்தால் ஒரு பொன்னாடை, ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன் கிராமர் ஜப்பானியர் கையில் ஒரு வேலைப் பட்டியலைக் கொடுத்தார். நாடு முழுவதற்குமான லீக் தொடங்குங்கள். ஒவ்வொரு நிலைக்கும் முறையாகப் படித்த பயிற்சியாளர்களை உருவாக்குங்கள். தேசிய அணி வெளிநாட்டு அணிகளோடு தொடர்ந்து ஆடட்டும். புல் மைதானங்களைப் போட்டு, அவற்றைப் பராமரியுங்கள். இவைதான் முக்கியமானவை.

ஜப்பானியர் அந்தப் பட்டியலை நிறைவேற்றினார்கள். மறுவருடமே, 1965-இல், எட்டு அணிகளோடு தேசிய லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் போட்டியை நடத்திய மெக்சிகோவையே 2–0 என்று வென்று ஜப்பான் வெண்கலம் பெற்றது. இரண்டு கோலும் கமமோட்டோ குனிஷிகே போட்டது. அந்தத் தொடரில் அவருக்கு மொத்தம் ஏழு கோல். இதில் நான் அடிக்கோடிட விரும்புவது ஒன்றுதான். அந்த அணியின் பயிற்சியாளர் கிராமர் இல்லை. அவரிடம் கற்ற நகனுமா கென். துணைக்கு இருந்தவர் கிராமருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து தொழிலைக் கற்ற ஒகானோ ஷுன்இச்சிரோ. வெளியூர்க்காரர் போய் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, உள்ளூர்க்காரர்கள் கையில் வந்த பதக்கம் அது.

அதன் அடுத்த கட்டம்தான் 1969 சிபா வகுப்பு. ஒரு நாட்டில் பலித்ததை ஆசியா முழுக்கக் கொண்டுபோகும் முயற்சி. அங்கிருந்து திரும்பிய பி.கே., 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கான இந்திய அணியை ஜி.எம்.எச். பாஷாவுடன் சேர்ந்து தயார் செய்தார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது ஜப்பான். ஒலிம்பிக் வெண்கலம் வென்று இரண்டே ஆண்டு ஆன ஜப்பான். கிராமரின் பிள்ளைகள் என்றே சொல்லலாம். இந்தியா 1–0 என்று வென்றது. முழுப் பெருமையையும் மூன்று மாத வகுப்புக்குக் கொடுப்பது நியாயமாகாது. சையது நயீமுதீன் தலைமையில் நல்ல அணி இருந்தது. ஆனாலும் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்ட இரண்டு நாடுகள் ஒரு பதக்கத்துக்காக மோதின என்பது சாதாரண விஷயமில்லை. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நாம் கடைசியாகப் பெற்ற பதக்கம் அதுதான்.

பி.கே. பிறகு கொல்கத்தாவில் செய்ததெல்லாம் தெரிந்த கதை. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் அவருடைய ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5–0 என்று நொறுக்கியது. 1977-இல் ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸை 2–2 என்று நிறுத்திய மோகன் பகானுக்கும் அவரே பயிற்சியாளர்.

கிராமரின் மீதி வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 ஜனவரியில் பேயர்ன் மியூனிக் அவரை அழைத்தது. ஃபிரான்ஸ் பெக்கன்பவர், கெர்ட் முல்லர், செப் மையர் இருந்த அணி. 1975-இல் லீட்ஸையும் 1976-இல் செயின்ட் எட்டியனையும் வென்று இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். பிறகு ஃபிராங்ஃபர்ட், ஜெத்தா, தெசலோனிகி, லெவர்குசன். தொண்ணூறுகளில் மறுபடி ஆசியா: பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போன தென்கொரிய அணியோடு வேலை, பின்னர் தாய்லாந்து. 2015 செப்டம்பரில், 90 வயதில் காலமானார். ஐரோப்பாவில் அவரைக் கோப்பைகளுக்காக நினைக்கிறார்கள். ஜப்பானில் கால்பந்தின் தந்தை என்கிறார்கள். 2005-இல் ஜப்பான் தன் கால்பந்துப் புகழ்மாடத்தில் முதல் தொகுதியிலேயே அவர் பெயரைச் சேர்த்தது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் அதே ஜப்பான், மொரியாசு ஹஜிமே என்ற ஜப்பானியப் பயிற்சியாளரின் கீழ், ஜெர்மனியை 2–1 என்று வீழ்த்தியது. அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிராமர் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

இனி நம்மூர். சென்னையின் எஃப்.சி. 2014-இல் தொடங்கியதிலிருந்து இத்தாலியின் மார்கோ மத்தராசி, இங்கிலாந்தின் ஜான் கிரகரி, ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோயில், ஹங்கேரியின் சபா லாஸ்லோ, மாண்டிநீக்ரோவின் போஜிதார் பந்தோவிச் என்று வரிசையாக வெளிநாட்டுப் பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறது. 2022-இல் ஒரு ஜெர்மானியரும் வந்தார். தாமஸ் பிரடாரிச். லெவர்குசன், ஹனோவர், வோல்ஃப்ஸ்பர்க் குழுக்களின் முன்வரிசை ஆட்டக்காரர், 2004 யூரோ போட்டிக்கான ஜெர்மன் அணியில் இருந்தவர். அல்பேனியாவின் விளாஸ்னியா குழுவிலிருந்து நேரே சென்னைக்கு. ஒரே ஒரு சீசன் இருந்தார். அணி எட்டாம் இடம். பெட்டியைக் கட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. புது ஊர், புது ஆட்டக்காரர்கள், எட்டு மாதம். இதில் எந்த மனிதர் எதை நட்டு எதை அறுக்க முடியும்? லாஸ்லோவுக்கும் ஒரு சீசன்தான். பந்தோவிச்சுக்கு ஒரு சீசன் முழுதாகக்கூடக் கிடைக்கவில்லை. 2022 பிப்ரவரியில் அவர் நடுவில் போனபோது அணியைக் கையில் எடுத்தவர் நம் சையது சபீர் பாஷா. தற்காலிகமாகத்தான். அடுத்த சீசனுக்கு மறுபடி விமானம் பார்த்தோம்.

உள்ளூர்க்காரரை நிலைக்க விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர் ஒருவரின் உதாரணமே இருக்கிறது. தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜ். ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். பிறகு கேரளத்தில் பயிற்சியாளரானார். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் டிராபி இறுதியில், கேப்டன் மணியின் மூன்று கோல்களோடு ரயில்வே அணியை 3–2 என்று வென்று கேரளம் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியபோது, கோட்டுக்கு வெளியே நின்றவர் இந்தத் தஞ்சாவூர்க்காரர். கேரளத்தில் அவர் பெயர் சொன்னால் மரியாதை கிடைக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும்?

இதையெல்லாம் இந்த வாரம் எழுத வைத்தது ஒரு கடிதம். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருப்பவர் எழுதியிருக்கிறார். "ஐயா, வெள்ளைக்காரக் கோச்சுகளின் கதை படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். சமதளமாக ஒரு கிரவுண்டு கிடையாது. பந்து உருண்டால் பள்ளத்துக்குப் போய்விடும். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?"

சார், உங்களுக்குத்தான் இதில் நிறைய இருக்கிறது. கிராமர் ஜப்பான் தேசிய அணிக்குக் கொடுத்த முதல் பாடத்துக்கு முழு மைதானம் தேவையில்லை. இரண்டு பிள்ளைகள், ஒரு பந்து, பள்ளிக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள வாசல் அளவு இடம். வலது காலால் நூறு முறை, இடது காலால் நூறு முறை உட்புறப் பாஸ். வரும் பந்தைக் காலடியில் சாகடிப்பது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்தே பள்ளிக்கு வரும் மலைப் பிள்ளைகளுக்கு மூச்சுக்கும் கால் பலத்துக்கும் குறைவிருக்காது. இல்லாதது, சரியாகச் செய்வது எப்படி என்று பக்கத்தில் நின்று திருத்தும் கண். அது ஒரு வாத்தியாரின் கண். அந்தக் கண்ணைப் பழக்கத்தான் பி.கே. மாதிரி ஒருவர் மூன்று மாதம் கடல் கடந்து போய்ப் படித்தார்.

இன்று அதற்குக் கடல் கடக்க வேண்டாம். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அடிப்படைப் பயிற்சியாளர் உரிமங்கள், இ உரிமமும் டி உரிமமும், நம் நாட்டுக்குள்ளேயே கிடைக்கின்றன. டி உரிமத்துக்கான வகுப்பு சில நாள்களில் முடிந்துவிடும். ஆனால் சேர்வராயன் மலையின் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் கட்டணமும் கட்டி, விடுப்பும் எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து, நகரத்தில் அறை எடுத்துத் தங்கி அதைப் படிக்க வேண்டும் என்றால் எத்தனை பேரால் முடியும்? வகுப்பு மலைக்கு ஏறி வரட்டும். அதே மலையிலுள்ள ஏற்காட்டில் நல்ல மைதானமும் தங்கும் விடுதியும் உள்ள உறைவிடப் பள்ளிகள் உண்டு. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் அதில் ஒன்று. கோடை விடுமுறையில் அந்த விடுதிகளில் பிள்ளைகள் இருப்பதில்லை. ஒரு வாரம் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று இடங்களுக்கு. தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் வரும் கோடையில் ஏற்காட்டில் ஓர் உரிம வகுப்பை அறிவிக்க வேண்டும். மலைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான கட்டணத்தை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்க வேண்டும். ஏற்காட்டின் உறைவிடப் பள்ளிகள் அந்த ஒரு வாரத்துக்குத் தங்கள் திடலைத் தர வேண்டும். கடிதம் எழுதிய ஆசிரியரும், அவரைப் போல் கொல்லிமலையிலும் கல்வராயனிலும் ஜவ்வாது மலையிலும் பந்தோடு நிற்கும் ஆசிரியர்களும் எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊர், பள்ளி, எத்தனை பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும். அந்தப் பட்டியலை நானே சங்க அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

(தொடரும்)