மைக்கூடும் ஈயக்குண்டும்

பல்லாண்டுகளுக்கு முன், ஆங்கிலம் அறியாத பருத்தி வணிகர் ஒருவர் நாளிதழும் கையுமாக என் வீட்டிற்கு வந்தார். “சார், பருத்தி விலை என்ன ஆயிற்று? படித்துச் சொல்லுங்கள்” என்றார். செய்தியில் ‘டிப்’ என்னும் வினைச்சொல் இருந்தது. “விலை வீழ்ச்சியுற்றது” என்றேன். அவர் அஞ்சி, இருப்பிலிருந்த பொதிகளை அன்றே விற்றுவிட்டார். அவ்வாரமே விலை மீண்டது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே என்னை மிகவும் உறுத்திற்று.

மாணவ நண்பர்களே, ‘டிப்’ என்பது தோய்த்தல். எழுதுகோலை மைக்கூட்டில் தோய்க்கிறோம். உடனே எடுத்தும் விடுகிறோம். சற்றே தாழ்ந்த விலை விரைவில் எழக்கூடும் என்னும் குறிப்பு அச்சொல்லில் உண்டு. நான் கூறிய ‘வீழ்ச்சி’யில் அக்குறிப்பு இல்லை.

‘ஃபால்’ என்பது பொதுச்சொல். இறக்கத்தின் அளவையோ விரைவையோ அது கூறாது. ‘டிக்லைன்’ மெல்லக் குறைவது. ‘ஸ்லிப்’ என்றால் கால் சற்றே வழுக்குதல். ‘ஸ்லைட்’ என்றால் நில்லாமல் சறுக்கிக்கொண்டே செல்லுதல்.

‘பிளம்மெட்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. இலத்தீனில் ஈயத்திற்குப் ‘பிளம்பம்’ என்று பெயர். மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கடலின் ஆழம் அளந்தனர். கொத்தனாரின் தூக்குக்குண்டும் அவ்வினத்ததே. அக்குண்டுபோல நேர்குத்தாக இறங்குவதே ‘பிளம்மெட்’. ‘பிளஞ்ச்’ என்பதும் அவ்வேரில் பிறந்ததுதான். இரண்டு விழுக்காட்டு இறக்கத்திற்கு இச்சொற்களை ஆளுதல் மிகை. ஆயினும் நாளிதழ்த் தலைப்பெழுதுவோர் இதில் வள்ளல்கள்!

நியூயார்க் பங்குகளின் டௌ ஜோன்ஸ் குறியீடு 1987 அக்டோபர் 19 அன்று, ஒரே நாளில், 22.6 விழுக்காடு இறங்கிற்று. அதனைக் ‘கிராஷ்’ என்பது முற்றிலும் தகும். ஆனால் 1929 செப்டம்பரில் 381இல் நின்ற அதே குறியீடு, 1932 சூலையில் 41க்கு வந்ததே, அதற்கு ஒரு சொல் போதாது. 1929 அக்டோபர் இறுதியில் நிகழ்ந்தது ‘கிராஷ்’. இடையிடையே சிறிது எழுந்தும், பின்னர் ஈராண்டுக்கு மேலாக நீண்டது ‘ஸ்லைட்’.

இன்னொன்று. நம் மாணவர் பலர் விலை ‘ஃபெல் டவுன்’ என்று எழுதுகின்றனர். மரத்திலிருந்து விழும் சிறுவனுக்கு அந்த ‘டவுன்’ பொருந்தும், விலைக்கு வேண்டா. மேலும், விலை தானே இறங்கினால் ‘ஃபால்’. கடைக்காரர் இறக்கினால் ‘ரெட்யூஸ்’ அல்லது ‘கட்’.

பின்னொரு நாள் அவ்வணிகரிடம் இவ்வேறுபாட்டை விளக்கினேன். அதன்பின் நாளிதழோடு வரும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றே: “சார், இன்றைக்கு மைக்கூடா, ஈயக்குண்டா?”