தென்னை மட்டையும் பனிச்சரிவும்

கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் குழந்தைகளுக்குச் சறுக்கு விளையாட்டு புதிதன்று. காய்ந்த தென்னை மட்டையின் மேல் ஒரு பிள்ளை அமர, இன்னொரு பிள்ளை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். நீவா ஆற்றின் மணற்சரிவு கிடைத்தால் இழுப்பவரும் தேவையில்லை. பனியைத்தான் அவர்கள் அறியார்கள். மார்கழி விடியலில் கரும்புத் தோட்டத்தின் மேல் படர்வதும் பனி. இமயத்தில் முழங்கால் ஆழத்துக்குக் கிடப்பதும் பனி. எங்கள் ஊரில் தமிழோடு கலந்து ஒலிக்கும் தெலுங்கிலும் இரண்டுக்கும் 'மஞ்சு' என்ற ஒரே சொல்தான். ஆகவே, பனியில் சறுக்கப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது, "நனைஞ்சு போயிடாதா நைனா?" என்று எங்கள் ஐந்து வயது மகள் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்க வேண்டியதில்லை.

வங்கி அலுவலர்களுக்குரிய விடுமுறைப் பயணச் சலுகையைப் பயன்படுத்தி, பொங்கலையொட்டிய பள்ளி விடுமுறையில் மணாலிக்குச் சென்றோம். திருப்பதியிலிருந்து தில்லி வரை ரயில். அங்கிருந்து இரவுப் பேருந்து. மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேலே பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சோலாங் பள்ளத்தாக்கு. நம் ஹார்ஸ்லி மலையைப் போல் இரு மடங்கு உயரம். வந்த அன்றே மேலே ஏறாமல் ஒரு நாள் மணாலியில் தங்கினோம். நாங்கள் சரியாகச் செய்த காரியங்களுள் அது ஒன்று. கடும் பனி பெய்த நாள்களில் நான்கு சக்கர இழுவை வண்டிகளை மட்டுமே மேலே அனுமதிப்பார்கள் என்பதையும் பயணத் திட்டத்தில் கணக்கில் கொள்ள வேண்டும்.

சோலாங் சாலையின் இரு மருங்கிலும் எண்ணிட்ட கடைகளில் குளிராடையும் ரப்பர் காலணியும் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே அவசரப்படக் கூடாது. காலணிக்குள் கையை விட்டுப் பாருங்கள். முன்பு அணிந்தவரின் ஈரம் அதில் இருக்கக்கூடும். நாங்கள் காலணியைப் பார்த்தோம், கையுறையைப் பார்க்கவில்லை. மணாலிக் கடைத்தெருவில் வாங்கிய கம்பளிக் கையுறை அழகாக இருந்தது. அதுவே போதும் என்று எண்ணிவிட்டோம்.

சரிவில் மரப்பலகைச் சறுக்கு வண்டிகளும் காற்றடைத்த டயர்க் குழாய்களும் இருந்தன. வண்டிக்காரர் மேலே இழுத்துச் சென்று, குழந்தையை அமர்த்தி, மெல்லத் தள்ளிவிடுவார். எங்கள் ஒன்பது வயது மகன் குப்புறப் படுத்துத் தலை முன்னாகச் செல்ல விரும்பினான். வண்டிக்காரர் கண்டிப்பாக மறுத்து, காலை முன்னே நீட்டச் செய்தார். மோதினால் தலையில் அடிபடாமல் இருப்பதற்கு அந்த ஒரு விதியே பெரும் காப்பு. சரிவின் அடிவாரம் நீண்ட சமதளமாக முடிகிறதா, நடுவில் மரமோ பாறையோ கயிறோ இருக்கிறதா என்று நாமே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. ஐந்து வயதுக் குழந்தையைத் தனியே அனுப்பலாகாது. மகளைத் தாயின் மடியில் அமர்த்தியே அனுப்பினோம்.

பனி ஏன் வழுக்குகிறது என்று மகன் கேட்டான். உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீரைப் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்று 1850-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே கருதினார். பலகையின் உராய்வு அப்படலத்தை மேலும் உருக்குகிறது. காலையில் இறுகிக் கிடக்கும் பனியில் வண்டி பாய்ந்து செல்லும். வெயில் ஏறியபின் பனி இளகி வேகம் குறையும். சிறு குழந்தைகளுக்கு நண்பகலே ஏற்றது என எண்ணினோம். ஆனால், இளகிய பனி நனைக்கும் பனியும்கூட.

ஆறு சுற்றுகளுக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். மூன்றாம் சுற்று முடிந்ததும், "கை எரியுது நைனா" என்றாள் மகள். பனியில் கை எப்படி எரியும்? இன்னும் மூன்று சுற்றுகள் பாக்கி இருக்கின்றன என்பதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. செலவழிந்த பணத்தை மீட்பதற்காக மேலும் இழக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! நான்காம் சுற்றுக்கும் ஏற்றினோம். இறங்கியபோது அவள் அழவில்லை, பேசவும் இல்லை, உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றியபோது விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

வண்டிக்காரர்தான் முதலில் விழித்துக்கொண்டார். விரல்களைத் தேய்க்க முயன்ற எங்களைத் தடுத்தார். தேநீர்க் கடை அடுப்பருகே நீட்டவும் விடவில்லை. மரத்துப்போன தோல் சூட்டை உணராது, வெந்துவிடும், தேய்த்தால் புண்ணாகும். ஈர உடையைக் களைந்து, அவள் கைகளைத் தாயின் அக்குளில் வைத்து, மேலே சால்வை போர்த்தி, இளஞ்சூடான பாலைக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் விரல்கள் சிவந்தன. அதன்பிறகுதான் அவள் உரக்க அழுதாள். அந்த அழுகை எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! விரல்கள் வெளுப்பு மாறாமலோ கொப்புளித்தோ இருந்தால், அல்லது குழந்தை சோர்ந்து உறங்க முற்பட்டால், மருத்துவரிடம் விரைய வேண்டும்.

நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு நம்முடையதைவிட மிகுதி. ஆதலால் நமக்கு இதமாக இருக்கும் குளிர் அவர்களை வாட்டும். நீர் புகாத கையுறை ஒன்றும், மாற்றுவதற்கு உலர்ந்த இணை ஒன்றும், இரண்டு இணை காலுறைகளும் பைக்குள் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை விரல்களைத் தொட்டுப் பாருங்கள். பயணக் காப்பீடு எடுப்பவர்கள், சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டுள்ளனவா என்று ஆவணத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சில்லறை நோட்டுகளும் வேண்டும்: குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும். எண்ணியல் பரிவர்த்தனையை நாள்தோறும் பரிந்துரைக்கும் நாங்களே அங்கே பத்து ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தோம்.

மீதமிருந்த இரண்டு சுற்றுகளுக்குரிய பணத்தை வண்டிக்காரர் திருப்பித் தர முன்வந்தார். நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

கோடை விடுமுறையில் நீவாக் கரையில் தென்னை மட்டை மீண்டும் வெளிவந்தது. சித்தப்பா மகன் மட்டையில் குப்புறப் படுக்க முயன்றபோது, அவன் காலைப் பிடித்து முன்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள் எங்கள் மகள்.